நாணல் ஆண்ட நிலம்

சாணக்கியனின் காலைத் தருப்பைப்புல் குத்திய கதையை நாம் அனைவரும் சிறுவயதில் ஏதேனும் ஒரு வடிவத்தில் கேட்டிருக்கிறோம். வழியில் நடந்து செல்லும் அந்தணனின் பாதத்தைப் புல்லின் முனை கிழித்துவிடுகிறது. வேறொருவராக இருந்தால் விலகி நடந்திருப்பார். அவனோ அங்கேயே அமர்ந்து அப்புல்லை வேரோடு அகழ்கிறான். வெயிலில் உலர்த்தி எரிக்கிறான். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குடித்தான் என்று சொல்வோர் உண்டு. தோண்டிய குழியில் சர்க்கரை நீரை ஊற்றி எறும்புகளை வரவழைத்து, எஞ்சிய வேர்களைத் தின்னச் செய்தான் என்று சொல்வோரும் உண்டு. ஒரு புல்லிடமே இவ்வளவு பகை பாராட்டுகிறவன் ஓர் அரசனிடம் எவ்வளவு பாராட்டுவான் என்று சந்திரகுப்தன் வியந்து நிற்கும் இடத்தில் கதை முடிகிறது.

நாம் இதைச் சினத்தின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஓர் உழவரின் கண்ணோடு வாசித்தால் இது களை ஒழிப்பைப் பற்றிய குறிப்பாகவும் தோன்றும். வேரை வெளியே கொண்டுவா, வெயிலில் காயவை, எஞ்சியதை வேறோர் உயிரிடம் ஒப்படை. நஞ்சு தெளிக்காமல் களையை வெல்ல நினைக்கும் இன்றைய இயற்கை வேளாண்மைக் கையேடுகள் பல்லாண்டுக் களைகளுக்குச் சொல்லும் வழியும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கதையில் இருப்பது ஒரு மனிதன், ஒரு புற்புதர், ஒரு பகற்பொழுது. புல் இலட்சக்கணக்கான ஏக்கர்களில் பரவி, அதை அகழவேண்டிய மனிதன் ஊரைவிட்டே போய்விட்டிருந்தால் என்ன ஆகும்? கதை அதைச் சொல்வதில்லை. வரலாறு சொல்கிறது. அதைக் கேட்க நாம் புந்தேல்கண்டுக்குப் போகவேண்டும். தருப்பையை விட்டு, புல்லினத்தைச் சேர்ந்த நாணலிடம் வரவேண்டும்.

* * *

தமிழில் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும், வடமொழியில் காசம் என்றும், இந்தியில் கான்ஸ் என்றும், வங்கத்தில் காஷ் என்றும் வழங்கும் புல் ஒன்றே. தாவரவியலாளர் அதற்குச் சக்காரம் ஸ்பான்டேனியம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்; கரும்பு இடம்பெறும் அதே பேரினம். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஆளுயரத் தட்டைகளின் உச்சியில் வெள்ளிநிறப் பட்டிழை போன்ற பூங்கதிர்களை அது விரிக்கும். காற்று வீசினால் வெளி முழுவதும் அலையடிக்கும்.

இலக்கியத்துக்கு இப்புல் பகையன்று. 'ருதுசம்ஹார'த்தில் சரத்காலத்தைக் காச மலரை ஆடையாக உடுத்த பெண்ணாகக் காளிதாசன் காட்டுகிறான். வங்காளிகளுக்குக் காஷ் பூத்தால் துர்க்கா பூஜை நெருங்கிவிட்டது என்று பொருள். 1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அப்புவும் துர்க்காவும் முதன்முதலாக ரயிலைக் காண ஓடுவது இந்தப் பூக்காட்டின் ஊடாகத்தான். முதல் நாள் படப்பிடிப்பை முடித்துவிட்டு மறுவாரம் திரும்பி வந்தபோது மாடுகள் பூக்களையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன என்றும், மீதிக் காட்சிக்காக அடுத்த பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது என்றும் ராய் நினைவுகூர்ந்திருக்கிறார். நம் பக்கத்திலோ, முருகன் பிறந்த சரவணம் என்ற சொல்லுக்கே நாணற்காடு என்று பொருள். வெள்ளத்தில் வளைந்து பிழைக்கும் நாணலை அறிவுரைக்கு எடுத்துக்காட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த அறிவுரையின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. வளைந்து பிழைப்பது கொழுவின் முனையிலும் பிழைக்கும். அது உழவருக்கு நல்ல செய்தியன்று.

* * *

யமுனைக்குத் தெற்கே, விந்திய மேட்டுநிலம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது புந்தேல்கண்ட். ஜான்சி, ஜாலவுன், ஹமீர்பூர், பாந்தா ஆகியவை பழைய ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த அதன் மாவட்டங்கள். சாகர், தமோ போன்றவை தெற்கே மத்திய மாகாணத்தில் இருந்தன. அங்குள்ள உழவர் தம் மண்ணை நான்காகப் பிரித்து அழைப்பர்: மார், காபர், பருவா, ராக்கர். இவற்றுள் மார் என்பது நம் கரிசலைப் போன்ற கறுப்பு மண். கோதுமைக்கும் கடலைக்கும் ஏற்றது. ஈரத்தை நீண்டநாள் பிடித்துவைத்திருப்பது. காபர் அதைவிடக் கடினமானது, ஆறினால் இறுகிப்போவது.

கரிசலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இம்மண்ணின் குணம் தெரியும். மழை பெய்தால் கால் வைக்கமுடியாத சேறு. காய்ந்தால் பிளந்துபோன பாறை. இரண்டுக்கும் நடுவே உழுவதற்கு வாய்க்கும் நாட்கள் மிகச்சில. அந்நாட்களில் காளை நோயுற்றிருந்தாலோ, வீட்டில் சாவு நேர்ந்திருந்தாலோ, விதை வாங்கப் பணம் இல்லாமலிருந்தாலோ அந்தப் பருவம் போய்விட்டது என்றுதான் பொருள். நாணல் காத்திருப்பது அந்த ஒரு பருவத்துக்காகத்தான்.

அதன் விதை பஞ்சிழையில் மிதந்து காற்றோடு வரும். வேர்விட்டபின் விதையைப்பற்றி அதற்குக் கவலையில்லை. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுக்கிழங்குகள் கணுவுக்குக் கணு புதிய குருத்தை அனுப்பும். வேர்கள் அதற்கும் கீழே, கறுப்பு மண்ணின் பிளவுகள் வழியே ஆள் ஆழத்துக்கு இறங்கும். அப்பகுதியின் நாட்டுக்கலப்பையோ மேல்மண்ணைத்தான் கீறும். பக்கர் என்ற கருவியின் அகன்ற இரும்பு அலகு நிலத்தைச் சீவிக்கொண்டு போகும். ஆண்டுக் களைகளுக்கு அது போதும். நாணலின் தண்டை அது துண்டுகளாக வெட்டுகிறது. வெட்டுண்ட ஒவ்வொரு துண்டும் கணு இருந்தால் தனிச் செடியாகிறது. ஆகவே அரைகுறையாக உழுவது சில சமயம் உழாமலிருப்பதைவிடக் கேடாக முடியும். இரண்டு மூன்று ஆண்டுகள் போனால் வேர்ப்பின்னல் இறுகி, காளைகளால் கலப்பையை இழுக்கவே முடியாமற்போகும். அதன்பின் அந்த வயலில் நடப்பது நாணலின் ஆட்சி.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் உழுது, விதைத்து, களைபறித்த வயலில் நாணலால் நிலைகொள்ள முடிந்ததில்லை. வரப்போரத்தில் நின்றிருக்கும்; ஆற்றங்கரையில் நின்றிருக்கும். உள்ளே வர அதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறந்துவிட்டவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புந்தேல்கண்டின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கங்கைச் சமவெளியின் வளத்தை மனத்தில் வைத்து, அல்லது நல்ல மழை பெய்த சில ஆண்டுகளின் விளைச்சலை நம்பி விதிக்கப்பட்ட நிலவரியை இந்த வறண்ட மேட்டுநிலம் தாங்கவில்லை. பாந்தாவிலும் ஹமீர்பூரிலும் ஊர்கள் நிலுவையில் விழுந்தன. நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. ஜான்சி 1850களில் வாரிசின்மைக் கொள்கையின் பேரில் இணைக்கப்பட்டது. 1857-58இன் போரும் அதைத் தொடர்ந்த பழிவாங்கலும் அந்நாட்டின் உழவுக் குடிகளைச் சிதறடித்தன. பின்னர் 1868-69இன் பஞ்சம். மாடுகள் மாண்டன. மனிதர்கள் மாள்வாவை நோக்கியும் பிற இடங்களை நோக்கியும் நடந்தனர்.

அவர்கள் விட்டுச்சென்ற வயல்களில் நாணல் பூத்தது.

அக்காலத்து மாவட்ட விவரச்சுவடிகளையும் நிலவரித் திட்ட அறிக்கைகளையும் படிக்கும்போது இந்தப் புல்லின் பெயர் திரும்பத்திரும்ப வருவதை நாம் காண்கிறோம். பஞ்சம், வெள்ளம், கடன், குடிபெயர்வு என்று அடுக்கிவரும் அதிகாரியின் பட்டியலில் கான்ஸும் ஒன்றாக நிற்கிறது, அதுவும் ஓர் இயற்கைப் பேரிடர் என்பதைப் போல. ஜான்சியின் நில உடைமையாளர் கடனில் மூழ்கியதால் 1882இல் ஜான்சி கடன்பட்ட நிலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் வட்டிக்காரர் கைக்குப் போவதைத் தடுக்க 1903இல் புந்தேல்கண்ட் நில உரிமை மாற்றச் சட்டம் வந்தது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடையில் இன்னொரு கொடிய பத்தாண்டு இருந்தது. 1890களின் நடுப்பகுதியில் சாகர், தமோ பகுதிகளில் பருவந்தவறிய குளிர்கால மழையால் கோதுமையில் துருநோய் கண்டு விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. பிறகு 1896-97 பஞ்சம். அதன் காயம் ஆறுமுன் 1899-1900 பஞ்சம். விதைக்கோதுமை இல்லை, காளை இல்லை, கூலிக்கு ஆள் இல்லை. கோதுமை விளைந்த பரப்புச் சுருங்கியது; அந்த இடைவெளியில் புல் ஏறியது. மழை திரும்பியபின்னும் உழவரால் திரும்ப முடியவில்லை. திரும்பி வந்தவர் கண்டது தம் வயலை அன்று. ஆளுயர வெள்ளைப் பூக்காட்டை.

இறுதியில் அரசே இதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முப்பதாண்டுக்கு ஒருமுறை வரியை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடும் வழக்கம் புந்தேல்கண்டுக்குப் பொருந்தவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே, சாகுபடிப் பரப்பு கூடுவதையும் குறைவதையும் பார்த்து ஐந்தாண்டுக்கொருமுறை வரியைத் திருத்தும் முறை கொண்டுவரப்பட்டது. ஒரு பேரரசின் கணக்குப்புத்தகம் ஒரு புல்லுக்குத் தலைவணங்கிய அரிய தருணம் இது எனலாம். ஆனால் அந்த ஏற்பாடு வருவதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் அழிந்துபோயிருந்தன.

* * *

உழவர்கள் கைகட்டி நின்றார்கள் என்று எண்ணிவிடலாகாது. நஞ்சும் இயந்திரமும் இல்லாத காலத்தில் அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழிகள் இன்றைய இயற்கை வேளாண்மைக்கு முன்னோடிகள்.

நர்மதைப் பள்ளத்தாக்கில், ஜபல்பூர், நரசிங்பூர் பகுதிகளில், ஹவேலி என்றொரு முறை இருந்தது. வயலைச் சுற்றி உயரமான வரப்பெடுத்து, மழைக்காலம் முழுவதும் நீரைத் தேக்கிவைப்பார்கள். மழை ஓய்ந்தபின், ஐப்பசி வாக்கில் நீரை வடித்துவிட்டு, ஈரம் காயுமுன் கோதுமையும் கடலையும் விதைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் நீருக்கடியில் மூச்சற்றுக் கிடந்த களைகள் அழுகி எருவாகிவிடும். நிலம் உழவைப் பெரிதாகக் கேட்காது. நீரே அங்கே களைக்கொத்து. புந்தேல்கண்டிலும் வரப்பிட்ட வயல்களில் நாணலின் கொடுமை குறைவாகவே இருந்தது.

இரண்டாவது வழி வெயில். பங்குனி, சித்திரையில் நிலம் காய்ந்து கிடக்கும்போது ஆழக் கிளறி, தண்டுக்கிழங்கை மேலே கொண்டுவந்து போட்டால் அந்நாட்டின் அனல்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். சித்திரை உழவைத் தங்கத்தோடு ஒப்பிடும் பழமொழி நம்மூரிலும் உண்டு. மழை பெய்தபின் இதே வேலையைச் செய்தால் வெட்டுண்ட துண்டுகள் துளிர்த்துவிடும். செயல் ஒன்றுதான், ஆனால் ஒரு மாதம் தவறினால் மருந்து நோயாகிவிடும்.

மூன்றாவது வழி பொறுமை. நிலத்தடியில் இருப்பது ஒரு சேமிப்புக் கிடங்கு. ஒவ்வொரு குருத்தும் அந்தச் சேமிப்பிலிருந்து கடன் வாங்கியே வெளிவருகிறது. இலை விரிந்து வெயில் குடித்தபின்தான் கடனைத் திருப்பத் தொடங்குகிறது. கடன் வாங்கியபின், திருப்புவதற்கு முன் வெட்டிவிட்டால் கிடங்கு சிறிது குறையும். துளிர்க்கத் துளிர்க்க வெட்டினால் ஒருநாள் காலியாகும். வெட்டிய இடத்தில் அடர்ந்த பயிரொன்று நிழல் விரித்து நின்றால் அது இன்னும் விரைவாக நடக்கும். ஏனெனில் நாணல் வெயிலின் பிள்ளை, நிழலில் அது தேய்ந்துபோகும். அதே புல் பிற்காலத்தில் கடல்கடந்து பனாமாக் கால்வாய்ச் சுற்றுப்புறத்தில் பரவியபோதும், மரங்களின் நிழலே அதை அடக்கும் நிலையான வழியாகக் கண்டறியப்பட்டது.

நீர், வெயில், நிழல், பொறுமை. இவை நான்குக்கும் விலை கிடையாது என்று தோன்றும். உண்மையில் இவற்றின் விலை மிக அதிகம். அது மனித இருப்பாகக் கொடுக்கப்படவேண்டிய விலை. வரப்பை ஆண்டுதோறும் பூசவேண்டும். சித்திரையில் பட்டினி கிடக்காத காளைகள் வேண்டும். மூன்று வாரத்துக்கொருமுறை வயலுக்கு வர ஆள் வேண்டும். வட்டிக்காரருக்குப் பயந்து இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனவரால் இவற்றுள் ஒன்றையும் கொடுக்க இயலாது. உழவருக்கு வழி தெரிந்திருந்தது. அவ்வழியில் நிற்க அவருக்கு நிலம் இல்லாமற்போயிற்று.

* * *

நாடு விடுதலை பெற்றபோது நாணல் மண்டிய நிலம் மத்திய இந்தியாவில் இலட்சக்கணக்கான ஏக்கர் இருந்தது. வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறவில்லை; பிரிவினையால் கோதுமை விளையும் மேற்குப் பஞ்சாப் போயிருந்தது. தானியம் வேண்டும். தரிசு கண்முன் கிடந்தது. இப்போது அரசே சாணக்கியனாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு 1940களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. அவை போதவில்லை. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்கு வழங்கிய முதற்கடன் ரயில்வேக்கு. அடுத்த மாதமே வழங்கப்பட்ட இரண்டாவது கடன், 1 கோடி டாலர், வேளாண் இயந்திரங்களுக்கு. அவ்வியந்திரங்களின் தலையாய வேலை நாணலை வேரறுப்பது. பின்னாளில் அணைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் கோடிகளைக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் இந்தியக் கணக்கு, ஏறத்தாழ ஒரு புல்லோடு தொடங்கியது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கம்பளிப்பூச்சியைப்போல் சங்கிலிப் பட்டையில் ஊரும் கனத்த டிராக்டர்கள் கோடையில் வந்தன. ஓரடிக்கும் கீழே இறங்கும் கலப்பைகள் வேர்ப்பின்னலைக் கட்டிகட்டியாகப் புரட்டி வெயிலில் போட்டன. தத்துவம் பழையதுதான், சித்திரைக் கிளறல். இழுத்தது மட்டும் காளையன்று. பலன் கண்கூடாகவே இருந்தது. தலைமுறைகளாக விதை காணாத நிலத்தில் மீண்டும் கோதுமை விளைந்தது. இச்சாதனையை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது. அந்தத் தானியத்தை உண்டவர்கள் பசித்த மனிதர்கள்.

ஆனால் இதிலும் பழைய நிழல் விழுந்திருந்தது. போபால் இராச்சியத்தில் 1954இல் கான்ஸ் ஒழிப்புக்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அரசு நிலத்தைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு புல்லை ஒழிக்கும். அதற்கான செலவை நில உடைமையாளரிடம் வசூலிக்கும். அந்த வசூலை எதிர்த்து எழுந்த வழக்கு 1960களில் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கடன்பட்டவரின் வயலில் நுழைந்த புல்லை ஒழித்ததும் ஒரு கடனாகவே அவர் கணக்கில் எழுதப்பட்டது. டிராக்டர் ஒருமுறை வந்துபோகும். அதன்பின் அடுத்தடுத்த ஆண்டுகளில் விடாமல் உழுதவருக்கு நிலம் மீண்டது. உழ இயலாதவரின் வயலோரத்தில் நாணல் மறுபடி காத்திருந்தது.

* * *

இதே புல்லுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நாணலுக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சார்லஸ் ஆல்ஃபிரெட் பார்பரும், அவரோடு பணியாற்றி அவருக்குப்பின் அந்நிலையத்தை வழிநடத்திய டி. எஸ். வெங்கட்ராமனும், 'வெள்ளை' என்ற இனிப்பு மிகுந்த கரும்பை இந்தப் பேய்க்கரும்போடு இணைத்தனர். அப்படிப் பிறந்ததே கோ 205. வடஇந்திய வயல்களுக்கென்று 1918இல் வெளியிடப்பட்டது. கரும்பிலிருந்து இனிப்பும், நாணலிலிருந்து வறட்சியையும் நோயையும் குளிரையும் தாங்கும் வலிமையும் அதற்கு வந்தன. 1930களில் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் இவ்வினத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். இன்று உலகில் விளையும் கரும்பு வகைகளில் பெரும்பாலானவற்றின் குருதியில் நாணலின் பங்கு இருக்கிறது.

புந்தேல்கண்டின் உழவரைத் துரத்திய பிடிவாதமும் கோயம்புத்தூர்க் கரும்புக்கு உயிர்கொடுத்த பிடிவாதமும் ஒன்றே. எனவே தீமை புல்லின் இயல்பில் இல்லை என்று நாம் துணிந்து சொல்லலாம். அது எங்கே, எப்போது, யார் இல்லாத இடத்தில் வளர்கிறது என்பதில்தான் அது களையாகிறது.

* * *

இயற்கை வேளாண்மையின் மூலவர்களில் ஒருவராகக் கருதப்படும் ஆல்பர்ட் ஹோவர்ட் 1905இல் பூசாவுக்கு வந்தார்; 1924 முதல் 1931 வரை இந்தூரில், மாள்வாவின் கறுப்பு மண்ணில் பணியாற்றினார். பஞ்சகாலத்தில் புந்தேல்கண்டின் மக்கள் நடந்துபோன அதே மாள்வா. உழவரின் வழக்கங்களையும் பயிரைத் தாக்கும் பூச்சி, பூஞ்சைகளையும் அவர் தம் ஆசிரியர்களாகவே கொண்டார். ஒரு பயிர் நோயுற்றால் பூச்சியைக் கொல்லுமுன் மண்ணில் என்ன குறை என்று கேட்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931இல் வெளியிட்ட நூல் விவரிக்கும் இந்தூர் முறையில், பயிர்க்கழிவும் சாணமும் மூத்திர மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காகப் போடப்பட்டுக் கிளறப்பட்டு மூன்று மாதத்தில் எருவாகின்றன. அந்த அடுக்கில் பிடுங்கிய களைகளுக்கும் இடமுண்டு. குவியலின் உள்வெப்பம் வேரையும் விதையையும் கொன்றுவிடும். பகைவனை எரித்துச் சாம்பலைக் குடித்த சாணக்கியனைவிட, பகைவனை உணவாக மாற்றிய இவ்வழி நாகரிகமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஹோவர்ட் மறைந்த 1947ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் வேதிக் களைக்கொல்லிகள் சந்தைக்கு வந்தன. முதலில் வந்த 2,4-டி அகன்ற இலைக் களைகளைக் கொன்றது, புல்லை விட்டுவைத்தது. 1970களின் நடுவில் வந்த கிளைபோசேட் இலைவழியே இறங்கிக் கிழங்கையும் கொல்ல வல்லது. கலப்பை இறங்கத் தயங்கிய ஆழத்துக்கு நஞ்சு இறங்கியது. அதன் கேடுகளைப்பற்றிய வாதங்களும் கூடவே வளர்ந்தன. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. பிற ஒழுங்குமுறை அமைப்புகள் சில அதை ஏற்கவில்லை. 2022இல் இந்திய அரசு அதன் பயன்பாட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர் வழியாக மட்டும் என்று கட்டுப்படுத்தியது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற வயலில் அதற்கு இடமே இல்லை.

நஞ்சை விலக்கியவருக்கு எஞ்சுவது எது? நாம் மேலே கண்ட அந்த நான்குதான்: நீர், வெயில், நிழல், பொறுமை. கருவிகள் மேம்பட்டிருக்கலாம். சணப்பை போன்ற பசுந்தாள் பயிர் நிழலைத் தரலாம். ஆனால் களை திரும்பாமலிருக்க வேண்டுமானால் மனிதர் திரும்பித்திரும்பி வயலுக்கு வரவேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை. களைக்கொல்லி விற்பது வேரைக் கொல்லும் ஆற்றலை மட்டுமன்று. வயலுக்கு வராமலிருக்கும் வசதியையும் சேர்த்தே விற்கிறது. உழவர் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட காலத்தில், கூலி கட்டுப்படியாகாத காலத்தில், அந்த வசதியை வாங்குகிறவரைக் குறைசொல்ல நமக்கு வாய் இல்லை. இயற்கை வேளாண்மையை நெறியாகப் போதிக்கிறவர்கள், வயலிலே தங்கியிருக்க உழவருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துப் போதிக்கவேண்டும். இல்லையேல் அது 1868இல் ஊரைவிட்டுப் போனவரைப் பார்த்து, சித்திரையில் ஆழ உழுதிருக்கலாமே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில், உரியவன் நாள்தோறும் சென்று பாராமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் நிலம் மனைவியைப்போல் ஊடிக்கொள்ளும் என்று வள்ளுவர் சொல்கிறார். பள்ளியில் இதைச் சோம்பலுக்கு எதிரான அறிவுரையாகவே நாம் படித்தோம். புந்தேல்கண்டின் வரலாற்றை அறிந்தபின் அக்குறள் நமக்கு வேறு விதமாக ஒலிக்கிறது. அங்கே உரியவன் சோம்பி இருந்தவன் அல்லன். வரியும் கடனும் பஞ்சமும் அவனை எழுப்பித் துரத்தின. அவன் ஏன் வரவில்லை என்பது நிலத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அவன் வரவில்லை என்பது மட்டுமே. ஊடலை அது வெள்ளைப் பூவாகப் பூத்துக் காட்டியது.

மழை ஓய்ந்த நாளொன்றில் ரயிலிலோ பேருந்திலோ வடக்கே போகும்போது, அடிவானம்வரை நாணல் பூத்திருப்பதை வாசகர் காணக்கூடும். அழகுதான், ராய் படம்பிடித்த அதே அழகு. பார்த்து மகிழ்ந்தபின் ஒரு கணம், அங்கே யாருடைய வயல் இருந்தது என்றும் கேட்டுப் பார்க்கலாம்.